எரிவாயு நிறைய இருந்தும் விடியற்காலையில் நடுங்குவது ஏன்? உறைபனியில் சிறிய கேரவனைக் காக்கும் வழிகள்

எரிவாயுத் தோம்பு நிறைந்திருக்கிறது. ஹீட்டரிலும் பழுதில்லை. ஆனாலும் விடியற்காலை 4 மணிக்கு ஹீட்டர் நின்றுவிடுகிறது. உள்ளே உறங்கியவர்கள் நடுங்கியபடி விழித்துக்கொள்கிறார்கள். கனடாவில் பனிக்காலத்தில் முதன்முறையாகக் கேரவனில் தங்குபவர்களைத் திகைக்க வைக்கும் சிக்கல் இது. பெரும்பாலும் இதற்குக் காரணம் எரிவாயு அல்ல. பேட்டரிதான்.

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய நடமாடும் வீட்டைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் டிராவல் டிரெய்லர் என்பார்கள். இங்கு பலருக்கும் பழக்கமான பெயர் கேரவன். நான்கு முதல் ஆறு மீட்டர் நீளத்துக்குள் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, கழிவறை அனைத்தும் அடங்கிவிடும். இவற்றில் பெரும்பாலானவை கோடைகாலத்தை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. சுவர் மெல்லியது. தண்ணீர்க் குழாய்களில் சில தரைக்கு அடியிலேயே ஓடும்.

ஆயினும் பனிக்காலத்திலும் திறந்திருக்கும் முகாம் திடல்கள் உண்டு. ஒன்டாரியோ மாநிலத்தின் அல்கோன்குவின் பூங்காவில் உள்ள மியூ லேக் திடலும், ஆல்பர்ட்டா மாநிலத்தின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள டனல் மவுண்டன் திடலும் அவற்றில் இரண்டு. அங்கு ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது அதிசயமல்ல. கேமரன் மலையின் இரவுக் குளிருக்கே கம்பளி தேடுபவர்களால் அந்தக் குளிரைக் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படிக்கவும் வேலை செய்யவும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சென்ற பிள்ளைகள் பலர். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. குளிர்நாட்டில் கேரவன் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் மின்சாரம், காற்று, தண்ணீர் ஆகிய மூன்றும் உறைபனியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்றில் தவறினால் செலவு. இன்னொன்றில் தவறினால் உயிரே போகலாம்.

சூடு எரிவாயுவில், ஓட்டம் பேட்டரியில்

கேரவனில் பொருத்தப்பட்டிருக்கும் எரிவாயு ஹீட்டர் சமையல் அடுப்பைப் போன்றதல்ல. அதன் தீ, மூடிய உலோகப் பெட்டிக்குள் எரிகிறது. எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளிவிடும். பெட்டியின் சூட்டை அறைக்குள் பரப்புவது ஒரு விசிறி. அந்த விசிறியும், எரிவாயுவைத் திறந்து மூடும் வால்வும், தெர்மோஸ்டாட்டும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன. பேட்டரி இறங்கிவிட்டால் தோம்பில் எவ்வளவு எரிவாயு இருந்தாலும் பயனில்லை.

மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு, மின்சாரத்தை அளந்து செலவழிப்பது புதிதல்ல. கேரவனிலும் அதே கணக்குதான்.

சிறிய கேரவன்களில் பொதுவாக 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு பேட்டரி இருக்கும். ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 100 மணி நேரம் வரும் என்பது அதன் பொருள். ஆனால் சாதாரண ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 50 என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹீட்டரின் விசிறி, அதன் அளவைப் பொறுத்து 3 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். 4 ஆம்பியர் என்று கொள்வோம். மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை 14 மணி நேரம். அதில் பாதி நேரம் ஹீட்டர் ஓடினால் 28 ஆம்பியர்-மணி செலவாகும். விளக்கு, தண்ணீர் பம்ப், எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றுக்கு 7 சேர்த்தால் மொத்தம் 35. கையில் 50 இருக்கும்போது 35 செலவு. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது.

குளிர் அந்தக் கணக்கை மாற்றிவிடும். ஈய அமில பேட்டரி 0 டிகிரியில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் தரும். மைனஸ் 20 டிகிரியில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். சிறிய கேரவன்களில் பேட்டரி பெரும்பாலும் வெளியே, முன்பக்க இழுவைச் சட்டத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். அது அனுபவிப்பது வெளிக்குளிரையே. ஆக, 50 என்று நினைத்த இருப்பு உண்மையில் 25தான். மணிக்கு 2.5 வீதம் செலவானால் பத்து மணி நேரத்தில், அதாவது விடியற்காலை 4 மணிக்கு, அது தீர்ந்துவிடும். அதன்பின் மின்னழுத்தம் சரியத் தொடங்கும். பேட்டரி பழையதாக இருந்தால் விரைவிலேயே ஹீட்டர் தானாக நின்றுவிடும். பலமான காற்று அடித்தால் ஹீட்டர் பாதி நேரத்துக்கும் மேலாக ஓடும், கணக்கு இன்னும் முன்னதாகவே முடியும்.

இறங்கிய பேட்டரிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. முற்றிலும் இறங்கியதோ மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து பிளந்துவிடலாம். உறைந்த பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யக்கூடாது; அது வெடிக்கக்கூடும்.

லித்தியம் பேட்டரியில் கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியும். எடையும் குறைவு. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். அதனால் தரமான லித்தியம் பேட்டரிகள் குளிரில் சார்ஜ் ஏறுவதைத் தாமே தடுத்துக்கொள்ளும். பனிநாட்டில் லித்தியம் வாங்குபவர்கள் அதைக் கேரவனுக்குள் வைக்க வேண்டும், அல்லது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேட்டரியை நிரப்பும் நான்கு வழிகள்

முதல் வழி முகாம் திடலின் மின்கம்பம். கனடாவில் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு பரவலாகக் கிடைக்கும். அது 3,600 வாட். அந்த இணைப்பு இருக்கும்வரை பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறும். 1,500 வாட் மின்சார ஹீட்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் முதன்முறை தங்குபவர்கள் மின்கம்பம் உள்ள இடத்தையே பதிவு செய்வது நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில கேரவன்களில் எரிவாயு ஹீட்டரின் சூடான காற்று தரைக்கு அடியிலும் சென்று, குழாய்களையும் தண்ணீர்த் தொட்டியையும் உறையாமல் காக்கிறது. மின்சார ஹீட்டரை மட்டும் போட்டால் அறை சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் ‘போதும்’ என்று எரிவாயு ஹீட்டரை இயக்காது. ஆட்கள் கதகதப்பாக உறங்க, காலடியில் குழாய் உறைந்துபோகும். ஆகவே மின்சார ஹீட்டர் துணைக்கு மட்டும்தான். எரிவாயு ஹீட்டரும் இடையிடையே ஓட வேண்டும்.

இரண்டாவது வழி, இழுத்துச் செல்லும் கார். பயணத்தின்போது காரிலிருந்து கேரவன் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் போகும். ஆனால் இணைப்புக் கம்பி மெல்லியது என்பதால் சில ஆம்பியர்தான் போய்ச் சேரும். ஒரு மணி நேரப் பயணத்தில் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்பக்கூடாது.

மூன்றாவது வழி சோலார் தகடு. கோடையில் இது அருமையான துணை. பான்ஃப் பகுதியில் டிசம்பர் இறுதியில் பகலே 8 மணி நேரம்தான். வெயிலும் தாழ்வாகச் சரிந்து விழும். தகட்டின்மேல் பனி மூடிவிட்டால் அதுவும் இல்லை. குளிர்காலத்தில் சோலாரை மட்டும் நம்பிப் போவது சரிவராது.

நான்காவது வழி சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர். பகலில் சில மணி நேரம் ஓட்டினால் இரவுச் செலவை ஈடுகட்டலாம். ஆனால் அதைக் கேரவனிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை கதவு சன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும்.

தோம்பில் இருப்பது எந்த எரிவாயு?

மலேசிய வீடுகளில் பயன்படும் சமையல் எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இந்த வெப்பத்தில் இரண்டும் எளிதாக ஆவியாகும். பனிநாட்டில் அப்படியல்ல. பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாவதை நிறுத்தித் திரவமாகவே தோம்புக்குள் தங்கிவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால்தான் கனடாவில் கேரவன்களுக்குப் புரோப்பேன் பயன்படுத்துகிறார்கள். மேசைமேல் வைக்கும் சிறிய கேஸ் அடுப்புகளுக்கான பியூட்டேன் டப்பாக்கள் பனியில் ஏமாற்றுவதும் இதனால்தான்.

6 கிலோவாட் ஹீட்டர் ஓர் இரவில் 7 மணி நேரம் எரிந்தால் சுமார் 3 கிலோ புரோப்பேன் தீரும். 9 கிலோ தோம்பு ஏறக்குறைய மூன்று இரவுகளுக்கு வரும். உபரித் தோம்பு ஒன்று இருப்பது நல்லது. ஆனால் அதைக் கேரவனுக்குள் வைக்கக்கூடாது. கடுங்குளிரில் வாயு சரியாக வரவில்லை என்று தோம்பைத் தீயால் சூடாக்குவதும் கூடவே கூடாது.

உயிரைக் குடிக்கும் குறுக்குவழிகள்

ஹீட்டர் நின்றுவிட்ட இரவில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது, ஜெனரேட்டரைச் சன்னலோரம் நகர்த்துவது, குளிர்காற்று வருகிறதென்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது ஆகியவை எல்லாம் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு வழிவிடும் செயல்கள்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் சேரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். உறக்கத்தில் இருப்பவர் அந்த அறிகுறிகளைக்கூட உணராமல் இறந்துவிடலாம். கேரவன் போன்ற சிறிய அறையில் நச்சு சேர அதிக நேரம் ஆகாது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத கேரவனில் ஓர் இரவுகூட உறங்கக்கூடாது. கருவியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து, பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையோரமாக இருக்கும். அதன்மேல் பையையோ போர்வையையோ போட்டு மறைக்கக்கூடாது. வெளியே ஹீட்டரின் புகைவாயைப் பனி மூடியிருந்தால் அவ்வப்போது அகற்ற வேண்டும். எச்சரிக்கை ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரும் வெளியேறி, கனடாவில் 911 எண்ணை அழைக்க வேண்டும்.

ஹீட்டர் நின்றுபோனால் செய்யவேண்டியது எளிது: காருக்குப் போவது. காரின் பின்பக்கப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்ளலாம். அல்லது அருகிலுள்ள ஊருக்கு ஓட்டிச் செல்லலாம்.

காற்றோட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோ புரோப்பேன் எரியும்போது சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பொருத்தப்பட்ட ஹீட்டர் அதை வெளியே தள்ளிவிடும். சமையல் அடுப்பின் ஆவியோ உள்ளேயே தங்கும். அத்துடன் மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து சன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் நீராகப் படியும். பிறகு பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது மேற்கூரைத் திறப்பைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும். கொஞ்சம் சூடு போனாலும் பரவாயில்லை.

தண்ணீர் உறைந்தால் குழாய் தாங்காது

நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிய கண்ணாடிப் போத்தலை ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். தண்ணீர் ஐஸாகும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. கேரவனின் குழாய் இணைப்பு, பம்ப், சுடுநீர்த் தொட்டி, கழிவறை வால்வு எல்லாம் அதே போத்தலின் நிலைமையில்தான் இருக்கின்றன. உறையும்போது விரிசல் தெரியாது. பனி உருகித் தண்ணீர் ஓடத் தொடங்கும்போதுதான் சுவருக்குள்ளிருந்து கசியும்.

பனியில் தங்குபவர்களுக்கு மிக எளிய வழி, குழாய்களைப் பயன்படுத்தாமலே இருப்பது. குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை ஜாடிகளில் உள்ளே வைத்துக்கொள்ளலாம். திடலின் கழிவறையையும் குளியலறையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். குழாயைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், தொட்டியை நிரப்பியதும் வெளிக்குழாயைக் கழற்றிவிட வேண்டும். இரவில் கைகழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தால் சூடு உள்ளே போகும். கழிவுநீர்த் தொட்டியின் வால்வை மூடியே வைக்க வேண்டும். திறந்திருந்தால் சொட்டுச் சொட்டாக வரும் நீர் குழாயிலேயே உறைந்து அடைத்துவிடும்.

பருவம் முடிந்து கேரவனை நிறுத்திவைக்கும்போது

கனடாவில் கேரவன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலோர் முதல் உறைபனிக்கு முன்பே அதைப் பனிக்காலத்துக்குத் தயார்செய்து மூடிவிடுகிறார்கள். அரை நாள் வேலைதான். ஆனால் வரிசை மாறக்கூடாது.

1. கழிவுநீர்த் தொட்டிகளை உரிய இடத்தில் காலி செய்து கழுவ வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

2. சுடுநீர்த் தொட்டியின் எரிவாயு, மின்சாரம் இரண்டையும் நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பானைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் மேலே பீய்ச்சும். சிறிய கேரவன்களில் இந்தத் தொட்டி பொதுவாகச் சுமார் 23 லிட்டர் கொள்ளும்.

3. தொட்டியைச் சுற்றிப்போகும் மாற்றுவழி வால்வைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஊற்றும் திரவம் எல்லாம் அந்தத் தொட்டிக்குள் போய் வீணாகும்.

4. அடிப்பகுதியிலுள்ள வடிகால் மூடிகளையும் எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். காற்றால் ஊதி வெளியேற்றுவதாக இருந்தால் அழுத்தம் 30 முதல் 50 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இணைப்புகள் கழன்றுவிடும்.

5. வடிகால்களை மூடிவிட்டு, பம்ப் வழியாக இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்த வேண்டும். பம்புக்கு அருகிலுள்ள குழாயில் தொடங்கி, சுடுநீர், குளிர்நீர் இரண்டிலும் இளஞ்சிவப்பு வரும்வரை ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். ஷவர், கழிவறை, வெளிப்புறக் குழாய் எதையும் விட்டுவிடக்கூடாது. சிறிய கேரவனுக்கு 8 முதல் 12 லிட்டர் போதும்.

6. கடைசியாக, ஒவ்வொரு கழிவுநீர் வாயிலும் ஒரு கோப்பை திரவம் ஊற்ற வேண்டும். வளைகுழாயில் தேங்கியிருக்கும் நீர் உறையாமல் அது பார்த்துக்கொள்ளும்.

திரவத்தின் நிறம் இங்கே முக்கியம். இந்த இளஞ்சிவப்புத் திரவம் கேரவன் குழாய்களுக்கென்றே விற்கப்படுவது. புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நச்சில்லாத வகை. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டில் பொதுவாக எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது கொடிய நச்சு. குடிநீர் போகும் குழாயில் அதை ஊற்றவே கூடாது. கார் கூலண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் உண்டு என்பதால், நிறத்தை மட்டும் பார்க்காமல் போத்தலில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும்.

இறுதியாகப் பேட்டரி. கேரவனில் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் எச்சரிக்கைக் கருவிகள் ஓயாமல் சிறிது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பேட்டரி காலியாகி, குளிரில் உறைந்துவிடும். முழுதாகச் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி, முடிந்தால் வீட்டுக்கே எடுத்துச் செல்ல வேண்டும். எரிவாயு வால்வை மூட வேண்டும். உணவுப்பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. எலிக்கு ஒரு பிஸ்கட் துண்டு போதும், குளிர்காலம் முழுக்க மெத்தைக்குள் குடியிருக்கும். ஐஸ் பெட்டியைத் துடைத்துக் கதவைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும்.

வசந்தம் வந்ததும் குழாய்களில் நல்ல தண்ணீர் விட்டு நன்கு அலசிய பிறகே குடிக்கப் பயன்படுத்த வேண்டும். சுடுநீர்த் தொட்டி நிரம்புவதற்கு முன் அதன் மின்சுவிட்சைத் தட்டினால் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும். மாதக்கணக்கில் கவனமாகக் காத்த பொருள் ஒரு நொடியில் பாழாகும்.

ஜூனில் நியூசிலாந்து செல்பவர்களுக்கு

சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தில் குளிர்காலம். தென் தீவின் தெக்காப்போ, குவீன்ஸ்டவுன் பகுதிகளில் இரவு வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போகும். அங்கு கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களுக்கும் மேற்சொன்னவை பொருந்தும். ஹீட்டர் டீசலில் ஓடினாலும் எரிவாயுவில் ஓடினாலும் அதன் விசிறி பேட்டரியைத்தான் நம்பியிருக்கிறது.

சாவியை வாங்குமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும். மின்கம்பம் இல்லாத இடத்தில் ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? பேட்டரி அளவைக் காட்டும் கருவி எங்கே? கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா? உறைபனி வரும் என்றால் தண்ணீரை எப்படி வடிப்பது? குழாய் உறைந்து வெடித்தால் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கு அவசர அழைப்பு எண் 111.

மூத்தவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால், முதல் இரவை மின்கம்பம் உள்ள இடத்திலேயே கழிப்பது நல்லது. ஹீட்டர், பேட்டரி, தண்ணீர் எல்லாம் ஓர் இரவு ஒழுங்காக ஓடியதைப் பார்த்த பிறகு, மறுநாள் ஏரிக்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ வண்டியை நகர்த்தலாம்.